ரூபாய் நோட்டைச் சொல்லும் அணிகருவிகள்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பழைய இருபது ரூபாய் நோட்டின் நீளம் 147 மில்லிமீட்டர், அகலம் 63. புதிய இருநூறு ரூபாய் நோட்டின் நீளம் 146, அகலம் 66. இரண்டும் இன்றும் ஒரே கல்லாப்பெட்டியில் கிடக்கின்றன. கண்ணால் பார்ப்பவருக்கு ஒன்று சிவப்பு, மற்றது மஞ்சள். விரலால் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் நீளத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பத்தும் ஐம்பதும்கூட அப்படித்தான். பழைய பத்து 137, புதிய ஐம்பது 135. 2016 இறுதியிலிருந்து மகாத்மா காந்தி புதிய வரிசை நோட்டுகள் சிறிய அளவில் வரத் தொடங்கியதும், பல வருடங்களாக விரல்களில் பதிந்திருந்த அளவுகள் ஒரேயடியாகக் குழம்பிப்போயின.

அண்மையில் பார்வை குறைந்தவர்கள், முழுவதும் இழந்தவர்கள், அவர்களோடு வீட்டில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அணிகருவி என்பது உடலில் மாட்டிக்கொள்ளும் கருவி. கண்ணாடியிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்ளும் கேமரா, கையில் இருக்கும் நோட்டைப் பார்த்து "நூறு ரூபாய்" என்று காதில் சொல்லும். அந்தக் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பழகுவது, எதற்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். படங்கள் இல்லை, அட்டவணையும் இல்லை. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானில் கேட்டுக்கொண்டே செய்து பார்க்கலாம்.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நோட்டைக் கையில் வாங்கும்போது இரண்டு கேள்விகள் வருகின்றன. இது எத்தனை ரூபாய்? இது நல்ல நோட்டா, கள்ள நோட்டா?

அணிகருவிகள் முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்கின்றன. இரண்டாவது கேள்விக்குக் கடையில் வாங்கும் எந்தக் கேமரா கண்ணாடியையும் நம்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. விற்பவர் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் சரி. ரிசர்வ் வங்கி தன்னுடைய சொந்தச் செயலியைப் பற்றியே, "இது நோட்டு அசலா போலியா என்று உறுதி செய்யாது" என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

காரணம் எளிது. கண்ணாடியில் இருக்கும் கேமரா சாதாரண வெளிச்சத்தில் நோட்டின் மேற்பரப்பை ஒரு படமாக எடுக்கிறது. கள்ள நோட்டு அடிப்பவன் பார்த்துப் பார்த்துச் செய்வதும் அந்தப் படம் மாதிரியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். நோட்டின் உண்மையான காவல் அம்சங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. நீர்க்குறியைப் பார்க்க நோட்டுக்குப் பின்னால் விளக்கு வேண்டும். பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாக மாறுவதைப் பார்க்க நோட்டைச் சாய்க்க வேண்டும். எண் வரிசையும் காகிதத்தில் பதித்த சிறு நார்களும் ஒளிர்வதைப் பார்க்கப் புற ஊதா விளக்கு வேண்டும். வங்கிகளில் இருக்கும் மெஷின்கள் அகச்சிவப்பு ஒளியிலும் பார்க்கின்றன, காந்தத் தன்மையையும் சோதிக்கின்றன. போன் கேமராக்களில் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டியே வைத்திருப்பார்கள். காந்தத்தைத் தொட்டுப் பார்க்க எந்தக் கேமராவாலும் முடியாது.

ஆகவே வேலையை இப்படிப் பங்கு போட்டுக்கொள்ளலாம்: தொகையைக் கருவி சொல்லட்டும். அசலா என்பதை விரல்களும் பழக்கமும், தேவைப்பட்டால் ஒரு மேசை மெஷினும் பார்த்துக்கொள்ளட்டும். இந்தப் பங்கீடு நம் நோட்டுகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. தடவிப் பார்க்கும் தடித்த அச்சும் அடையாளக் குறியும் புதிய வரிசையில் நூறு ரூபாயிலிருந்து மேலே உள்ள நோட்டுகளில் மட்டுமே உண்டு. புதிய பத்து, இருபது, ஐம்பதில் விரலுக்குத் தனிக் குறி எதுவும் கிடைக்காது. அங்கே கருவியைவிட்டால் அளவு மட்டும்தான் துணை. கள்ள நோட்டால் கை சுடுவது ஐந்நூறில்தான் அதிகம். அங்கே விரலுக்கு வேலை இருக்கிறது.

என்னென்ன கருவிகள் இருக்கின்றன

கண்ணாடிக் காம்பில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வகை ஒன்று. இஸ்ரேலின் ஆர்கேம் நிறுவனத்தின் மைஐ கருவி இதில் பெயர் பெற்றது. அதன் எடை 22.5 கிராம்தான். படத்தைக் கருவிக்குள்ளேயே அலசுவதால் இணையம் தேவையில்லை. எழுத்தைப் படிக்கும், முகம் சொல்லும், நோட்டும் சொல்லும். விலை லட்சத்தைத் தாண்டும்.

கண்ணாடியே கருவியாக இருப்பது இன்னொரு வகை. நெதர்லாந்தின் என்விஷன் நிறுவனம் கூகுள் கிளாஸை வாங்கி அதற்குள் தன் மென்பொருளைப் போட்டு விற்றது. 2023 மார்ச்சில் கூகுள் அந்தக் கண்ணாடியின் விற்பனையையே நிறுத்திக்கொண்டது. விலை உயர்ந்த கருவி வாங்கும்போது இது ஒரு பாடம். மென்பொருள் ஒருவருடையது, கருவி இன்னொருவருடையது என்றால் இரண்டில் எது நின்றாலும் உங்களுக்குத்தான் கஷ்டம். நம் பக்கத்தில் பெங்களூரின் எஸ்.எச்.ஜி டெக்னாலஜிஸ் செய்யும் ஸ்மார்ட் விஷன் கண்ணாடி, கண்ணாடியில் பொருத்திய கேமராவைப் போனோடு இணைத்து வேலை செய்கிறது. பழுது பார்க்கவும் பயிற்சி கேட்கவும் பக்கத்து மாநிலத்தில் ஆள் இருப்பது சாதாரண விஷயமல்ல. மெட்டாவின் ரேபான் கண்ணாடியும் 2025 மே மாதத்திலிருந்து இந்தியாவில் விற்பனைக்கு வந்திருக்கிறது. அது எல்லோருக்குமான கண்ணாடி, நோட்டு சொல்வதற்கென்று பிறந்ததல்ல. கேட்டால் முன்னால் இருப்பதை விவரிக்கும், ஆனால் போனும் இணையமும் வேண்டும்.

விரலில் மோதிரமாகப் போடும் யோசனையும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி மீடியா லேபில், இலங்கையைச் சேர்ந்த சுரங்க நாணயக்கார குழுவினர் 2012 வாக்கில் ஐரிங் என்ற கேமரா மோதிரத்தைச் செய்துகாட்டினார்கள். பொத்தானை அழுத்தினால் மோதிரம் படம் எடுத்து புளூடூத்தில் போனுக்கு அனுப்பும், போன் நிறத்தையோ பணத்தையோ சொல்லும். நோட்டைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்ட வேண்டாம், விரல் எங்கே சுட்டுகிறதோ அங்கே கேமரா போகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை. ஆனால் அது ஆய்வுக்கூட மாதிரி. கடையில் தேடாதீர்கள்.

கடைசியாக, பலரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு வகை: கழுத்தில் தொங்கும் உங்கள் போன். கூகுள் தன் லுக்அவுட் செயலியை 2019-இல் வெளியிட்டபோது, போனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிடுங்கள், அல்லது கேமரா வெளியே பார்க்கும்படி சட்டைப் பையில் வையுங்கள் என்றுதான் சொன்னது. நான் யாரிடமும் முதலில் இதைத்தான் சொல்வேன். செலவு ஒரு ஐடி கார்டு கயிறும் ஒரு உறையும்தான்.

முதல் படி: கழுத்துப் போனில் பழகுங்கள்

ஆண்ட்ராய்டு போன் என்றால் திரைவாசிப்பானின் பெயர் டாக்பேக், ஐபோன் என்றால் வாய்ஸ்ஓவர். இதில் ஓரளவு கை வந்திருக்க வேண்டும். ஒரு செயலியைத் திறக்கவும் பின்னால் வரவும் தெரிந்தால் போதும்.

ரிசர்வ் வங்கியின் மணி (MANI) செயலியை நிறுவுங்கள். 2020 ஜனவரி 1 அன்று வெளியானது, இலவசம். பழைய மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளையும் புதிய வரிசை நோட்டுகளையும் சொல்லும். முன்பக்கமானாலும் பின்பக்கமானாலும், பாதியாக மடித்திருந்தாலும் சொல்லும். நிறுவிய பிறகு இணையம் தேவையில்லை என்பது பெரிய வசதி. சந்தைக்குள்ளும் பேருந்திலும் சிக்னல் போனால் கவலையில்லை. ஆங்கிலம், இந்தியோடு வந்த செயலியில் பின்னர் தமிழும் சேர்ந்தது. காது கேட்பதிலும் சிரமம் உள்ளவர்களுக்காக அதிர்வு முறை வைத்திருக்கிறார்கள். அதையும் ஒருமுறை பழகி வைத்துக்கொள்ளுங்கள், இரைச்சலான இடத்தில் கேட்கும் திறன் உள்ளவருக்கும் உதவும்.

இன்னொரு செயலியும் துணைக்கு இருக்கட்டும். ஆண்ட்ராய்டில் லுக்அவுட் செயலியில் பண முறை உண்டு, 2021-இல் இந்திய ரூபாயும் அதில் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ ஐபோனில் முதலில் வந்தது, 2023 டிசம்பரிலிருந்து ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. அதுவும் ரூபாயைச் சொல்லும். ஒன்று தடுமாறும்போது இன்னொன்றில் காட்டிப் பார்க்கலாம்.

இப்போது கயிறு. கேமரா வெளியே பார்க்க, திரை உங்கள் நெஞ்சைப் பார்க்கும்படி போன் தொங்க வேண்டும். திரை சட்டையில் உரசித் தானாகவே எதையாவது அழுத்திவிடும், அதனால் திரையை மூடும் மடிப்பு உறை நல்லது. ஆனால் காந்தம் உள்ள உறை வாங்காதீர்கள், மூடியவுடன் பல போன்களில் திரை அணைந்து செயலியும் நின்றுவிடும். கயிற்றின் நீளத்தை, போன் நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே நிற்கும்படி வையுங்கள். தொப்புள் வரை தொங்கினால் நடக்கும்போது ஆடும், கேமராவுக்கு மேசை விளிம்புதான் தெரியும்.

ஒரு காதுக்கு மட்டும் இயர்போன். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு வெளியே போகவே போகாதீர்கள். வண்டிச் சத்தம்தான் உங்கள் கண். காதுத் துளையை அடைக்காமல் எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகை கிடைத்தால் அதுவே சிறந்தது. இயர்போன் இல்லாமல் ஒலிபெருக்கியில் "ஐந்நூறு ரூபாய்" என்று போன் கத்தினால், உங்கள் பையில் எவ்வளவு இருக்கிறது என்பது பேருந்து நிறுத்தம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: நோட்டைக் காட்டும் முறை

பாதிப் பேர் கருவி சரியில்லை என்று ஒதுக்கிவிடுவது இந்தப் படியில்தான். கருவியில் குறை இருக்காது, நோட்டைக் காட்டும் விதத்தில் இருக்கும்.

நோட்டை முழுக்க விரித்துக்கொள்ளுங்கள். இரண்டு குறுகிய ஓரங்களையும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனியால் பிடியுங்கள். உள்ளங்கை நோட்டை மறைக்கக்கூடாது. கழுத்துப் போன் என்றால் நெஞ்சு உயரத்தில், கண்ணாடி என்றால் செய்தித்தாள் படிக்கும் உயரத்தில் பிடியுங்கள். முதலில் நோட்டைக் கேமராவுக்கு மிக அருகில் வைத்து, மெதுவாக முன்னால் தள்ளிக்கொண்டே போங்கள். ஒரு சாண் தாண்டியதும் பெரும்பாலும் பதில் வந்துவிடும். அந்தத் தூரத்தைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் ஒவ்வொரு முறையும் அதே தூரம் கிடைக்கும்.

சன்னலுக்கோ கடை வாசலுக்கோ முதுகைக் காட்டி நில்லுங்கள். வெளிச்சம் உங்கள் பின்னாலிருந்து நோட்டின் மேல் விழ வேண்டும். எதிர் வெளிச்சத்தில் நோட்டு கேமராவுக்கு வெறும் கருப்பு நிழல். ஒரு நேரத்தில் ஒரு நோட்டுதான். விசிறி மாதிரி விரித்துக் காட்டினால் கருவி ஏதாவது ஒன்றைச் சொல்லும், எதைச் சொன்னது என்று உங்களுக்குத் தெரியாது.

பதில் இரண்டு முறை ஒரே மாதிரி வரும்வரை நோட்டைப் பையில் வைக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டுங்கள். முன்பக்கம் நூறு, பின்பக்கமும் நூறு என்றால் ஏற்றுக்கொள்ளலாம்.

வியர்வையும் எண்ணெயும் படிந்து லென்ஸ் மங்கிப்போவது நம் ஊர் வெயிலில் தினமும் நடக்கும். காலையில் ஒருமுறை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்காகக் கருவியையே திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் நோட்டைக் காட்டித் தடுமாறும்போது, "கொடு, நான் பார்க்கிறேன்" என்று கையிலிருந்து வாங்காதீர்கள். தன் பணத்தைத் தானே எண்ணுவது ஒருவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அது கைவிட்டுப் போனவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, தவறாக வந்தால் மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: காசு கொடுத்து வாங்குவதற்கு முன் சோதனை

கழுத்துப் போன் உங்களுக்குப் போதுமானதாக இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம், தவறில்லை. நாள் முழுக்கப் பணம் புழங்கும் வேலை, இரண்டு கையும் எப்போதும் ஓய்வில்லாத வேலை, அல்லது எழுத்துப் படிப்பதற்கும் சேர்த்துக் கருவி வேண்டும் என்றால் கண்ணாடி வகையைப் பார்க்கலாம்.

பார்க்கப் போகும்போது ஒரு உறையில் உங்கள் சொந்த நோட்டுகளைக் கொண்டுபோங்கள். விற்பவர் எடுத்து நீட்டும் மொடமொடப்பான புது நோட்டில் எல்லாக் கருவியும் அழகாகப் பேசும். உங்கள் உறையில் பழைய பத்து, புதிய பத்து, இரண்டு வகை இருபது, இரண்டு வகை ஐம்பது, இரண்டு வகை நூறு, ஒரு இருநூறு, ஒரு ஐந்நூறு இருக்கட்டும். அழுக்கேறிக் கந்தலாகிப்போன ஒரு பத்து ரூபாய் அவசியம். செல்லோடேப் ஒட்டிய ஒன்றும் வேண்டும்.

அதோடு பணம் அல்லாத இரண்டு மூன்று பொருள்களும் வேண்டும்: ஒரு மளிகைக் கடை ரசீது, ஒரு விசிட்டிங் கார்டு, குழந்தைகள் விளையாடும் பொம்மை நோட்டு. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். 2017 பிப்ரவரியில் டெல்லி சங்கம் விஹாரில் ஒரு ஏடிஎம்மிலிருந்தே "சில்ட்ரன் பேங்க் ஆஃப் இந்தியா" என்று அச்சிட்ட இரண்டாயிரம் ரூபாய்த் தாள்கள் வந்தன. நிறமும் அமைப்பும் உண்மையான நோட்டைப் போலவே இருக்கும் இப்படிப்பட்ட ஐந்நூறு ரூபாய்ப் பொம்மைத் தாளைக் கருவியிடம் காட்டுங்கள். "ஐந்நூறு ரூபாய்" என்று தயங்காமல் சொல்கிறதா? சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம், பல மென்பொருள்கள் அப்படித்தான். ஆனால் கருவியின் எல்லை எது என்பது உங்களுக்கு அந்த நிமிடமே விளங்கிவிடும். கள்ள நோட்டையும் கண்டுபிடிக்கும் என்று விற்பவர் சொல்லியிருந்தால், இந்தச் சோதனையை அவர் முன்னாலேயே செய்யுங்கள்.

ரசீதையும் விசிட்டிங் கார்டையும் காட்டும்போது கருவி பேசாமல் இருக்க வேண்டும், அல்லது தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். எதைக் காட்டினாலும் ஏதோ ஒரு தொகையை ஊகித்துச் சொல்லும் கருவியை வாங்காதீர்கள். பதில் தராத கருவியால் ஒரு நிமிடம் போகும். தப்பான பதிலைத் தைரியமாகத் தரும் கருவியால் பணமே போகும்.

பிறகு இவற்றைக் கேட்டுப் பாருங்கள். இந்திய ரூபாய் அதன் பட்டியலில் இருக்கிறதா, இரண்டு வரிசை நோட்டுகளும் இருக்கின்றனவா? போனை விமான முறையில் போட்டுவிட்டால் வேலை செய்கிறதா? தமிழில் சொல்லுமா, சொன்னால் இருபதும் இருநூறும் காதுக்குத் தெளிவாக வேறுபடுகின்றனவா? அரை நாள் கேமராவை அவ்வப்போது பயன்படுத்தினால் சார்ஜ் நிற்குமா? மாதச் சந்தா உண்டா? சந்தா கட்டாவிட்டால் நோட்டு சொல்வதும் நின்றுவிடுமா? பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும்?

வாங்கும் முன் தொட்டுப் பார்க்க, பயிற்சி கேட்க, சென்னை பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உதவி உபகரணத் திட்டங்களில் எது கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் பிறகு கைக்காசைப் போடுங்கள்.

நான்காம் படி: விரலுக்குப் பாடம்

கருவி கழுத்தில் ஏறியதும் விரலை மறந்துவிடுபவர்கள் அதிகம். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

புது நோட்டாக ஒரு நூறு, ஒரு இருநூறு, ஒரு ஐந்நூறு எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் கேட்டு வாங்கினால் நல்லது, அசல் என்ற நிச்சயம் இருக்கும். புதிய வரிசை நூறின் நீளம் 142, இருநூறு 146, ஐந்நூறு 150 மில்லிமீட்டர். மூன்றுக்கும் அகலம் 66. இடது ஓரத்தைச் சேர்த்து அடுக்கினால் வலது ஓரத்தில் படிப்படியாக இறங்குவது தெரியும்.

இப்போது குறுகிய ஓரங்களை நகத்தாலும் விரல் நுனியாலும் தடவுங்கள். சாய்வான தடித்த கோடுகள் இரண்டு பக்கமும் இருக்கும். நூறில் நான்கு கோடுகள். இருநூறில் நான்கு கோடுகள், நடுவில் இரண்டு சிறு வட்டங்கள். ஐந்நூறில் ஐந்து கோடுகள். நோட்டின் வலப்பக்கம் இன்னொரு தடித்த குறி உண்டு: நூறில் முக்கோணம், இருநூறில் ஆங்கில எச் எழுத்தின் வடிவம், ஐந்நூறில் வட்டம். காந்தி உருவமும் அசோகத் தூண் சின்னமும்கூடத் தடிப்பாகவே அச்சிடப்பட்டிருக்கும். புது நோட்டில் நன்றாகத் தெரியும், பல கை மாறிய நோட்டில் மங்கிவிடும். மங்கிய நோட்டை மட்டும் வைத்துக் கள்ள நோட்டு என்று முடிவு கட்டாதீர்கள்.

நோட்டு பருத்தி இழைத் தாளில் அச்சாகிறது. விரலால் சுண்டினால் ஒரு விறைப்பும் சத்தமும் இருக்கும். சாதாரணத் தாள் வழுவழுப்பாக, குழைவாக இருக்கும். தினம் இரண்டு நிமிடம் அசல் நோட்டைத் தடவிப் பழகிய விரலுக்கு, ஓரம் முழுக்க மொழுமொழுவென்று இருக்கும் புத்தம்புது ஐந்நூறு வந்தால் உடனே உறுத்தும். அந்த உறுத்தலுக்கு மதிப்புக் கொடுங்கள். ஒரு அசல் ஐந்நூறை எப்போதும் பர்ஸின் தனி அறையில் வைத்திருங்கள், செலவழிக்க வேண்டாம். சந்தேகம் வரும்போது அதன் மேல் வைத்து அளவும் தடிப்பும் ஒப்பிடலாம்.

இந்த ஒப்பீடு இன்னொரு ஏமாற்றையும் பிடிக்கும். 2016 நவம்பர் 8 அன்று செல்லாததாக அறிவிக்கப்பட்ட பழைய ஐந்நூறு 167 மில்லிமீட்டர் நீளமும் 73 அகலமும் கொண்டது. கருவி "ஐந்நூறு" என்று சொல்லி, கையில் பெரிதாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாயிரம் என்று கருவி சொன்னாலும் கடையில் வாங்க வேண்டாம். 2023 மே 19 அன்று அதைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. சட்டப்படி செல்லும் என்றாலும் மாற்றுவதற்கு ரிசர்வ் வங்கி அலுவலகம் வரை அலைய வேண்டும்.

ஐந்தாம் படி: கடையில் நின்றபடி

வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே நோட்டுகளைப் பிரித்து வையுங்கள். பத்தும் இருபதும் விரித்தபடி ஒரு அறையில், ஐம்பதும் நூறும் ஒருமுறை மடித்து இன்னொரு அறையில், இருநூறும் ஐந்நூறும் இரண்டு முறை மடித்து உள்ளறையில். எந்த முறை வைத்தாலும் சரி, மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இப்படி வைத்தால் கொடுக்கும்போது கருவியே தேவைப்படாது.

கொடுக்கும் நோட்டை வாயால் சொல்லிக் கொடுங்கள்: "அண்ணே, இருநூறு ரூபா தர்றேன்." சொல்லிக் கொடுத்த பணத்தில் தகராறு வருவது குறைவு.

மீதி வாங்கும்போதுதான் கருவிக்கு வேலை. கவுண்டரை விட்டு நகராமல், ஓரமாக ஒரு அடி ஒதுங்கி நின்று, ஒவ்வொரு நோட்டாகக் காட்டுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. கடைக்காரர் சிரமம் பார்க்காமல் "இது நூறு, இது ஐம்பது" என்று எண்ணிக் கொடுத்தாலும் கருவியில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர்மேல் சந்தேகம் என்று பொருளில்லை, அவரும் அவசரத்தில் இருப்பவர்தான். நூறோ அதற்கு மேலோ உள்ள நோட்டு என்றால் கருவி சொன்னதும் ஓரத்தை ஒருமுறை நகத்தால் தடவுங்கள். இரண்டும் சேர்ந்து சில நொடிகள்தான் ஆகும்.

ஏடிஎம்மில் ரகசிய எண் அழுத்தும்போது கண்ணாடியை அணைத்துவிடுங்கள், கழுத்துப் போனைத் திருப்பிப் போடுங்கள். வீடியோ அழைப்பில் தன்னார்வலர் ஒருவரின் கண்களைக் கடன் வாங்கும் வசதியைப் பயன்படுத்துபவர்கள் கார்டையும் கணக்குப் புத்தகத்தையும் கேமராவுக்கு வெளியே வையுங்கள். உதவுபவர் நல்லவராகவே இருக்கலாம், இருந்தாலும் அவர் உங்களுக்குத் தெரியாதவர்.

நீங்களே கடை வைத்திருந்தால்

பெட்டிக்கடையோ மளிகையோ நடத்துபவருக்கு அணிகருவி மட்டும் போதாது. புற ஊதா, காந்தம், அகச்சிவப்பு மூன்றையும் சோதிக்கும் நோட்டு எண்ணும் மெஷின் ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். சந்தேகமான நோட்டு வந்தால் அது நின்று ஒலி எழுப்பும். பார்வை இல்லாதவருக்கு அந்த ஒலியே போதும், திரையைப் பார்க்கத் தேவையில்லை. தொகையைக் கண்ணாடி சொல்லும், மற்றதை மெஷின் பார்க்கும்.

ஓரளவு பார்வை மிச்சம் இருப்பவர்கள், அல்லது கடையில் உடன் ஆள் இருப்பவர்கள் சிறிய புற ஊதா டார்ச்சும் வைத்துக்கொள்ளலாம். 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 395 என்று போட்டதில் ஊதா வெளிச்சம் கண்ணுக்கே தெரிந்து ஒளிர்வை மறைத்துவிடும். அசல் நோட்டின் தாள் இந்த வெளிச்சத்தில் மங்கலாகவே இருக்கும், எண்ணும் நார்களும் மட்டும் மின்னும். சாதாரண வெள்ளைத் தாள் முழுக்க நீலமாக ஒளிரும். ஒரு எச்சரிக்கை: சட்டைப் பையில் கிடந்து சோப்புத்தூளில் துவைந்த நல்ல நோட்டும் இப்படி ஒளிரும். டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள்.

சந்தேகமான நோட்டு கைக்கு வந்துவிட்டால்

வாங்கும் இடத்திலேயே சந்தேகம் வந்தால், "அண்ணே, வேற நோட்டு குடுங்க" என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வாக்குவாதம் வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் வேறொரு கடையில் தள்ளிவிட நினைக்காதீர்கள். கள்ள நோட்டு என்று தெரிந்தே அதைச் செலவழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 179-ஆம் பிரிவின்படி குற்றம். செலவழிக்கும் எண்ணத்தோடு தெரிந்தே வைத்திருப்பது 180-ஆம் பிரிவில் வருகிறது.

நேராக வங்கிக்குப் போங்கள். கவுண்டரில் சோதித்து, போலி என்று உறுதியானால் அதன்மேல் முத்திரை குத்திப் பறிமுதல் செய்வார்கள். நோட்டும் திரும்ப வராது, அதற்கு ஈடாகப் பணமும் வராது. ஆனால் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு தர வேண்டியது வங்கியின் கடமை, அதைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பரிமாற்றத்தில் நான்கு நோட்டுகள் வரை என்றால் வங்கி மாத அறிக்கையில் சேர்த்துக் காவல்துறைக்கு அனுப்பும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். யார் கொடுத்தார்கள், எந்த நேரம், எந்தக் கடை என்பதைப் போனில் குரல் குறிப்பாக அப்போதே பதிந்து வைத்தால் அங்கே கேட்கும்போது தடுமாற வேண்டியதில்லை. கருவி எந்தத் தொகை சொன்னது என்பதையும் அதே குறிப்பில் சொல்லி வையுங்கள்.